கொழுந்துத் தராசும் நனைந்த பாயும்

தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை நிறுக்கப்படுகின்றது. பெண்கள் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சுமையையும் தராசில் மாட்டி, ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழித்தது போக எஞ்சியதைப் புத்தகத்தில் பதிகின்றார். இறப்பர்த் தோட்டத்திலே பாலை அளப்பதற்கு மெட்ரொலாக் என்றொரு கருவி உண்டு. வாளியில் தண்ணீர் எவ்வளவு, இறப்பர் எவ்வளவு என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். மரப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால்கூட நிறை பார்த்தே கணக்கில் ஏறுகின்றது. இவ்வளவு துல்லியமாக நிறுத்துப் பழகிய இடத்திலே, அந்தக் கொழுந்தைக் கிள்ளியவளின் குழந்தை எத்தனை இறாத்தல் இருக்கின்றது என்று கேட்பதற்கு மட்டும் நெடுங்காலமாக ஆள் இருக்கவில்லை.

நிறுக்கப்படாத அந்தக் குழந்தையைப் பற்றியும், விடியற்காலையில் லயத்து இஸ்தோப்பில் தொங்கவிடப்படும் அதன் நனைந்த பாயைப் பற்றியுமே இங்கு எழுத முற்படுகின்றேன். இலக்கிய ஏட்டில் எழுதத்தக்க பொருளா இது என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். சுளிக்கட்டும். பெருந்தோட்டத்தின் சரித்திரத்தை ஏற்றுமதிக் கணக்குகளிலே படித்திருக்கிறோம். தேசாதிபதிகளின் அறிக்கைகளிலே படித்திருக்கிறோம். தொழிற்சங்கப் போராட்டங்களிலும் ஓரளவு படித்திருக்கிறோம். ஆனால் ஐந்து வயது கடந்த பிள்ளை இரவிலே பாயை நனைப்பதும், அதே பிள்ளை வயதுக்கேற்ற நிறையின்றி இருப்பதும் வீட்டுக்குள் நடக்கின்ற சங்கதிகள் என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பது நமக்குத் தோன்றவேயில்லை. பிள்ளையைச் சோம்பேறி என்றோம், தாயைக் கவனமற்றவள் என்றோம், அத்துடன் விட்டுவிட்டோம்.

சப்பிரகமுவ என்பது கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட மாகாணம். 1889-இல் அது தனி மாகாணமாக்கப்பட்டது. தோட்டம் என்றதும் நம் மனக்கண்ணில் வருவன நுவரெலியாவின் பனியும் அட்டன் பக்கத்துக் குளிருமே. இங்கே அக்காட்சி குறைவு. பலாங்கொடை, இறக்குவானை மேடுகளிலே தேயிலை. காவத்தை, பெல்மதுளை, நிவித்திகலைப் பக்கங்களிலே தேயிலையும் இறப்பரும் கலந்து நிற்கும். கேகாலையின் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெகியோவிற்றை, உருவன்வெல்லைப் பகுதிகளிலே இறப்பரே மிகுதி. 1869-இல் கண்ட இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியைத் தின்று தீர்த்தது. 1876-இல் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் வேரூன்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி இறப்பருக்கு விலை ஏறியபோது களனிப் பள்ளத்தாக்கின் காடுகள் சரிந்தன. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த சனங்களுக்கு அங்கே லயங்கள் எழுந்தன. நுவரெலியாவிலே தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். சப்பிரகமுவவிலோ அவர்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுதீவாகச் சிதறிக் கிடக்கும் சிறுதொகையினர். இந்த வேறுபாடு அவர்களுடைய குழந்தையின் உடம்பிலும் தன் வேலையைச் செய்திருக்கின்றது.

லயக்காம்பராவின் அளவு பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. ஒரே கூரையின் கீழே இப்படிப் பல காம்பராக்கள். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் என்றால், அதிலே பாட்டியும், வயது வந்த பெண்ணும், சில வேளை புதிதாக மணம் முடித்த மூத்த மகனும் அடக்கம். இரவிலே தரை முழுவதும் பாய். நடுவிலே படுத்த பிள்ளை எழுந்து வெளியே போக வேண்டுமாயின் நாலு பேரைத் தாண்ட வேண்டும். தாண்டிக் கதவைத் திறந்தால் மழை. இரத்தினபுரியிலே ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. மழைக்குள் இருட்டு, இருட்டுக்குள் அட்டை, பாம்பு, இவையெல்லாம் போதாதென்று, ‘ராத்திரியில் வெளியே போனால் முனி அடிக்கும்’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்த பயம். இவற்றையெல்லாம் கடந்து போனால், லயத்தின் கோடியிலோ கானுக்கு அப்பாலோ கக்கூஸ் என்ற பெயரில் ஒன்று இருந்தால் இருக்கும். பல லயங்களுக்கு நெடுங்காலம் அதுவும் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவேயும் இறப்பர் நிரைகளுக்கு நடுவேயுந்தான் ஒதுங்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அடக்கிக்கொண்டு படுத்திருக்கும். பிறகு தூங்கிவிடும்.

விடிகின்றபோது தாய்க்கு அந்தப் பாயைப் பார்க்க நேரம் இல்லை. இறப்பர்ப் பால் வெட்டு வெயில் ஏறுமுன் முடிந்தாக வேண்டிய வேலை. சூடு ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே அவள் விடியுமுன்பே எழுந்து, ரொட்டி சுட்டு, பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பாயைப் பீலிக்குக் கொண்டுபோய்க் கழுவ அங்கேயும் வரிசை. கழுவினாலும் மழை மாதங்களில் பன்பாய் காய்வதில்லை. மறு இரவும் அதே பாயில் அதே பிள்ளை. பக்கத்துக் காம்பராவின் கண்ணுக்கு முன்னால் அது தொங்கிக்கொண்டிருப்பதால், அடுத்த நாள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயரும் ஆயிற்று.

இவ்விடத்திலே வைத்தியம் சொல்வதைக் கவனிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆத்திரத்திலே பொய் எழுத நேரும். ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் இரவிலே பாயை நனைக்கின்றனர். ஆண்டுதோறும் அவர்களில் ஏழில் ஒருவர் மருந்தின்றியே விடுபடுகின்றனர். இது குடும்ப வழியாகவும் வருகின்றது: இளமையில் தாய் தந்தை இருவருக்கும் இருந்திருந்தால் பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்கினருக்கு உண்டு, ஒருவருக்கு மட்டும் இருந்திருந்தால் பாதிக்குச் சற்றுக் குறைவு. இரவிலே சிறுநீர்ச் சுரப்பைக் குறைக்க வேண்டிய ஓமோன் சில பிள்ளைகளிடம் போதியவாறு சுரப்பதில்லை என்பதை 1980களிலே டென்மார்க் வைத்தியர்கள் காட்டினர். மலச்சிக்கலும் கீரைப்பூச்சியும் இதனை மிகுவிக்கும். செல்வ நாடுகளிலே அளவுக்கு மீறிப் பருத்த பிள்ளைகளிடமும் இது கூடுதலாகக் காணப்படுகின்றது என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே, தோட்டந்தான் பாயை நனைக்கின்றது என்று எழுதினால் அது உண்மையாகாது. மெலிந்த பிள்ளை மெலிவினாலேயே நனைக்கின்றது என்று சொல்லவும் இடமில்லை.

பிள்ளை வேண்டுமென்றே செய்வதில்லை என்ற இந்தச் சிறு உண்மைக்கு வந்துசேர மனித குலம் எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சமல்ல. 1545-இல் தோமஸ் ஃபேயர் என்பவர் இங்கிலாந்திலே எழுதிய குழந்தை வைத்திய நூலில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. சேவலின் தொண்டைக்குழலைச் சுட்டுப் பொடித்துக் கொடுக்கச் சொல்கின்றார். 1904-இல் ஆஸ்திரிய வைத்தியர் ஃபவுண்ட்லர், வார்ட்டிலே குழந்தை நனைத்தவுடன் தாதிக்குத் தெரிவதற்காகப் படுக்கையிலே ஒரு மின்மணியை அமைத்தார். தாதிக்கு உதவ வந்த மணி பிள்ளைகளையே குணப்படுத்துவதைக் கண்டு அவரே வியந்தார். 1938-இல் அமெரிக்காவிலே மௌரர் தம்பதிகள் அதனை முறையான சிகிச்சையாக்கினர். மணி அடித்ததும் பிள்ளை விழித்து எழுந்து போக வேண்டும் என்பதே அச்சிகிச்சையின் சாரம். எழுந்து எங்கே போவது என்பதை அச்சிகிச்சை கேட்பதில்லை; வீட்டுக்குள்ளே போவதற்கு ஓர் இடம் இருக்கின்றது என்று அது எண்ணிக்கொள்கின்றது.

பாய் நனைந்த சங்கதி ஒரு முறை அரசாங்க விஷயமாகவே ஆகியிருக்கின்றது. 1939 செப்தெம்பரிலே, குண்டுவீச்சுக்கு அஞ்சி, பிரிட்டனின் பெருநகரங்களிலிருந்து சுமார் பதினைந்து இலட்சம் தாய்மாரும் பிள்ளைகளும் நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டனர். முதல் வாரத்திலேயே நாடெங்கும் கூக்குரல்: நகரத்து ஏழைப் பிள்ளைகள் படுக்கையை நனைக்கின்றார்கள்! வளர்ப்பு முறை தெரியாத தாய்மார் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு அரசாங்கம் சலவைச் செலவுக்குப் படி கொடுத்தது. இப்பிள்ளைகளுக்கென்று விடுதிகளும் அமைத்தது. வீட்டைப் பிரிந்த ஏக்கம், பயம், பழக்கமற்ற இருட்டு, நகரத்துக் குடியிருப்புகளிலே பல குடும்பத்துக்கு ஒரு கழிப்பிடம் என்பனவெல்லாம் மெல்ல மெல்லப் பேச்சுக்கு வந்தன. 1950-இல் வெளியான தமது யுத்தகால சமூகக் கொள்கை வரலாற்றிலே றிச்சர்ட் டிற்மஸ் இந்த நனைந்த படுக்கைகளுக்கு வெட்கமின்றிப் பல பக்கங்களை ஒதுக்கினார். வறுமையைக் கண்டறியாதிருந்த வர்க்கம், தன் வீட்டு விரிப்பு நனைந்தபோதுதான் அதனைக் கண்டது. அந்த வீடுகளிலே காலையில் ஊற்றப்பட்ட தேநீர் எவருடைய விரல்களால் கிள்ளப்பட்டது என்ற பேச்சு மட்டும் அப்போதும் எழவில்லை.

நம் குழந்தையின் நிறைக்கு வருவோம். இலங்கைத் தோட்டத்திலே வைத்திய வசதிக்கான சட்டம் 1872-இலேயே வந்துவிட்டது. 1912-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில் தொழிலாளரிடையே நோய் பரவுவதைப் பற்றித் தனிச் சட்டமும் வந்தது. கடல் கடந்து அழைத்துவரப்பட்ட கூலி வேலைக்கு முன் செத்துப் போனால் கங்காணிக்குக் கொடுத்த முற்பணம் போயிற்று என்பதே அச்சட்டங்களுக்குப் பின்னால் இருந்த முதற் கவலை. உழைக்கக்கூடிய உடம்பைப் பற்றிய கவலை அது. ஆகவே உழைக்காத உடம்பு அதனுள் நுழைவதற்கு வெகுகாலம் ஆயிற்று. குழந்தை எப்போது கணக்கிலே வந்தது என்று பார்த்தால், கூலிக் கணக்கிலேதான் முதலில் வந்தது. 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பத்து வயதுக்குட்பட்டவரை வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. அதன்படி 1929-இல் மேல்நாட்டுத் தோட்டங்களில் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. கீழ்நாட்டில் அதனினும் சில சதம் குறைவு. பத்து வயதுப் பிள்ளையின் உழைப்புக்குச் சட்டம் விலை குறித்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் நிறைக்கு அதே சட்டத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

கொக்கிப்புழுவின் கதை இவ்விடத்திலேதான் வருகின்றது. என் எண்ணத்திலே சப்பிரகமுவத் தோட்டக் குழந்தையின் சரித்திரத்திற்கு அதுவே திறவுகோல். 1916-இல் றொக்ஃபெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு இலங்கையிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே தொடங்கிற்று. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரிலே பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அப்புழு இருந்தது. மலத்தோடு மண்ணிலே விழும் முட்டை ஈர மண்ணிலே பொரிக்கும். அதன் நுண்புழு செருப்பில்லாத பாதத்தின் தோலைத் துளைத்து உடம்புக்குள் புகும். குடலிலே கொளுவிக்கொண்டு நாள்தோறும் இரத்தம் குடிக்கும். வெளிறிய முகம், ஊதிய வயிறு, வளராத எலும்பு, மந்த புத்தி என்று தோட்டத்துப் பிள்ளையைப் பற்றித் துரைமார் எழுதிவைத்த குறைகளிலே பெரும்பகுதி இந்தப் புழுவின் கைவேலை. நிழலும் ஈரமும் மாறாத இறப்பர்க் காட்டு மண்ணைவிட அதற்கு உகந்த இடம் வேறு ஏது?

மருந்து சுலபமாயிருந்தது. கெனோபோடியம் எண்ணெயை வரிசையில் நிறுத்தி ஊற்றினார்கள். தோட்டத்துரைமாரிற் பலர் அதனை வரவேற்கவும் செய்தார்கள். புழு விழுந்த ஆள் கூடுதலாக உழைப்பான் அல்லவா? ஆனால் மருந்துக்குப் பிறகு கக்கூஸ் கட்ட வேண்டும், இல்லையேல் அதே மண்ணிலிருந்து அதே புழு திரும்ப ஏறும் என்று சுகாதாரக்காரர் சொன்னபோதுதான் தயக்கம் வந்தது. பணம் செலவாகும் என்றார்கள். கட்டிக் கொடுத்தாலும் கூலிகள் போகமாட்டார்கள் என்றார்கள். இருட்டிலே, லயத்திற்குத் தொலைவிலே, தண்ணீரின்றி, பல குடும்பங்களுக்கு ஒன்றாகக் கட்டிய குழிக்கு எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்புவாள் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் மேலே இரு குறைகளைச் சொன்னேன்: நிறையின்மை, பாய் நனைத்தல். ஒன்று மற்றொன்றைப் பிறப்பிப்பதில்லை என்றும் சொன்னேன். இரண்டும் சந்திக்கின்ற இடம் ஒன்று உண்டு. லயத்துக்கு அருகிலே கட்டப்படாமற் போன அந்தக் கக்கூஸ்தான் அது. அது இல்லாத காரணத்தால் பகலிலே பிள்ளையின் பாதத்தின் வழியாகப் புழு ஏறி அதன் நிறையைக் குடித்தது. அது இல்லாத காரணத்தாலேயே இரவிலே பிள்ளை எழுந்து போக இடமின்றிப் பாயிலே கிடந்தது. வைத்தியப் புத்தகத்திலே வேறு வேறு அத்தியாயங்களில் இருக்கின்ற இரு சங்கதிகள் தோட்டத்தின் செலவுப் புத்தகத்திலே ஒரே வரியில், செலவழிக்கப்படாத ஒரு தொகையாக இருக்கின்றன.

1934-இன் இறுதியிலே மலேரியா வந்தது. அவ்வாண்டு மழை பொய்த்து, களனி கங்கையும் மகா ஓயாவும் குட்டை குட்டையாகத் தேங்கின. அக்குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. கேகாலை மாவட்டம் கொடிதாகத் தாக்குண்ட இடங்களிலே தலையாயது. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்களும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கா போன்ற வைத்தியர்களும் கிராமங்களுக்குள் சென்றனர். குயினைன் மட்டும் போதவில்லை, பட்டினியால் தேய்ந்த உடம்புதான் காய்ச்சலுக்கு இரையாகின்றது என்பதை அங்கேதான் கண்டனர். மார்மைட்டை உருண்டை பிடித்து மருந்துபோலக் கொடுத்தனர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பம்பாயிலே லூசி வில்ஸ் என்ற பெண் வைத்தியர், இரத்தமின்றி வெளிறிய கர்ப்பிணிப் பெண்களை அதே மார்மைட்டினால் தேற்றியிருந்தார். உருவன்வெல்லைப் பகுதியிலே பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவுக்குச் சனங்கள் ‘பருப்பு மாத்தயா’ என்று பெயரிட்டார்கள். 1936-இல் அத்தொகுதியே அவரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. பருப்பு அரசியலாவது இப்படித்தான். அந்தக் காய்ச்சலிலே மண்ணீரல் வீங்கிய பிள்ளையைத் தூக்கிப் பார்த்தால் கனமாகத் தோன்றும். தராசும் கையும் ஏமாறுகின்ற இடம் இது. வயிறு பெருத்த பிள்ளையைத் தின்று கொழுத்தது என்று நினைத்தவர்கள் பலர். அதே காலத்திலே ஆபிரிக்காவின் தங்கக் கரையிலே டாக்டர் சிஸிலி வில்லியம்ஸ், தாய்ப்பால் மறந்த குழந்தைகள் நீர்கோத்து உப்பி மடிவதைக் கண்டு, அவ்வூர்த் தாய்மார் வழங்கிய ‘குவாஷியோர்க்கர்’ என்ற சொல்லையே நோய்க்குப் பெயராக்கினார். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வருகின்ற நோய் என்பது அதன் கருத்து.

நம் தோட்டத்திலே அடுத்த பிள்ளை பிறக்கும்வரைகூட மூத்த பிள்ளைக்குத் தாய் இல்லை. பெரட்டு அவளைக் கொண்டுபோய்விடுகின்றது. பிள்ளை பிள்ளைக்காம்பராவுக்குப் போகின்றது. தோட்டத்துக் குழந்தையின் வாழ்வில் பிள்ளைக்காம்பராவைப் போல முக்கியமான கட்டிடம் வேறில்லை. அதைப்போல எழுதப்படாத கட்டிடமும் வேறில்லை. பழைய காலத்திலே அது ஒரு கொட்டகை. வளையிலிருந்து தொங்கும் ஏணைகள். மலையேற முடியாத ஒரு கிழவி. இருபது பிள்ளைகளை ஒருத்தி பார்க்கின்றபோது, எந்தப் பிள்ளையை எப்போது வெளியே கொண்டுபோவது, எந்தப் பிள்ளை சொல்லத் தெரிந்தது, எது தெரியாதது என்பதையெல்லாம் பார்க்க அவளால் இயலாது. மற்ற வீடுகளிலே தாயோ பாட்டியோ பிள்ளையின் முகத்தைப் பார்த்தே ‘வருதா?’ என்று கேட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஓட்டந்தான் பயிற்சி. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மலையிலே கொழுந்து கிள்ளுகின்றாள். பாலூட்ட இடையிலே ஓடி வந்தால் கொழுந்து நிறை குறையும். நிறை குறைந்தால் பேர் முழுதாக விழாது, அரைப்பேர்தான். பிள்ளையின் நிறையும் கொழுந்தின் நிறையும் ஒரே தராசின் இரு தட்டுகளிலே இருந்தன என்று சொன்னால் மிகையாகாது.

அந்த லயம்கூட அவர்களுடையதன்று. 1946-இல் கேகாலை மாவட்டத்திலே நேவ்ஸ்மியர் தோட்டத்தை, தொழிலாளர் பேச்சில் உருளவள்ளித் தோட்டத்தை, அரசாங்கம் காணியற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்காக எடுத்தது. அங்கே வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களை வெளியேறச் சொன்னது. கிராமத்து ஏழைக்கும் காணி வேண்டியதுதான். அவனுடைய நிலத்தைப் பறித்துத்தானே தோட்டமே உண்டாயிற்று. ஆனால் ஓர் ஏழைக்குக் கொடுப்பதற்காக மற்றோர் ஏழையின் கூரையைப் பிடுங்கும் நியாயத்தைத் தொழிலாளர் ஏற்கவில்லை. இலங்கை இந்தியன் காங்கிரஸ் விடுத்த அழைப்பிலே இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்து 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம். 1964-இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். பாட்டி ஒரு நாட்டுக்கும் பேரன் மறு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிக்கப்பட்ட கதையை வாசகர் அறிவர்.

1973, 74 ஆகிய ஆண்டுகளைத் தோட்டத்து முதியவர் எவரும் மறக்கமாட்டார். அரிசியும் மாவும் கூப்பனிலே குறைந்தன. கிராமத்தவனுக்குப் பின்வளவிலே ஒரு பலா மரமாவது இருந்தது. லயத்துக்காரனுக்கு அதுவும் இல்லை. தோட்டங்களிலே பிறந்த 1,000 குழந்தைகளிலே 100-க்கு மேற்பட்டவை 1974-இல் ஓராண்டு நிறையுமுன்னே மடிந்தன. நாடு முழுவதற்குமான கணக்கு அப்போது ஏறத்தாழ 51. திரிபோஷா மா அக்காலத்திலேதான் வந்தது. தோட்டங்கள் அரசுடைமையானதும் 1972-க்கும் 1975-க்கும் இடையிலேதான். பின்னர் பிள்ளைக்காம்பராக்களிலே சில திருந்தின, வைத்திய சேவை மெல்லப் பரவிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே காலத்திலே இரவுகள் வேறொரு வகையிலே பயங்கரமாயின. 1977 ஆகஸ்டிலும், 1981 ஆகஸ்டிலும், 1983 ஜூலையிலும் இம்மாகாணத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1981-இல் இரத்தினபுரி, காவத்தைப் பக்கத்து லயங்கள் எரிந்தபோது குடும்பங்கள் காட்டிலும் தேயிலைக்குள்ளும் இரவைக் கழித்தன. பலர் வவுனியாப் பக்கம் போய்த் திரும்பவேயில்லை. கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த சிறு லயங்களுக்கு ஓடி ஒளியவும் பக்கத்தில் ஒரு பெரிய லயம் இருக்கவில்லை. இரவிலே நனைக்காமல் ஆறு மாதத்துக்கு மேல் பழகிவிட்ட பிள்ளை பேரச்சத்தின் பின் மறுபடியும் நனைக்கத் தொடங்குவதை வைத்தியர்கள் தனி வகையாகப் பிரித்திருக்கிறார்கள். லண்டன் பிள்ளைகளுக்கு விடுதி அமைத்தார்கள். காவத்தைப் பிள்ளைகளுக்கு அகதி முகாமிலே ஒரு பாய் கிடைத்தது.

குழந்தையை நிறுக்கும் தராசு கடைசியாகத் தோட்டத்துக்கும் வந்தது. 1950களிலே நைஜீரியக் கிராமமொன்றிலே டேவிட் மோர்லி என்ற வைத்தியர், தாயின் கையிலேயே வைத்துக்கொள்ளத்தக்க ஒரு நிறை அட்டையை உருவாக்கினார். மாதந்தோறும் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. 1956-இல் மெக்சிகோவிலே கோமெஸ், வயதுக்கேற்ற நிறையைக் கொண்டு போஷாக்கின்மையைப் படிப்படியாக வகுத்தார். 1972-இல் வாட்டர்லோ அதனைத் திருத்தி, அண்மையிலே பட்டினி கிடந்து மெலிந்த பிள்ளை வேறு, நெடுங்காலம் குறையுணவிலே வளர்ந்து குறுகிய பிள்ளை வேறு என்று காட்டினார். இலங்கையின் கணக்குகளைப் படிப்பதற்கு இந்த வேறுபாடு இன்றியமையாதது. 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, மெலிந்த குழந்தைகள் தோட்டங்களிலே நாட்டின் சராசரியைவிட மிகையில்லை. ஆனால் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியவர்கள் நாட்டிலே நூற்றுக்கு 17, தோட்டத்திலே 32. நிறை குறைந்தவர்கள் நாட்டிலே 20-க்குச் சற்று மேல், தோட்டத்திலே ஏறத்தாழ 30. ஒரு வாரப் பட்டினியின் கணக்கல்ல இது; தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிட்ட பற்றாக்குறையின் கணக்கு.

தோட்டத்துச் சனங்கள் இயல்பிலேயே குட்டையானவர்கள், அது அவர்களுடைய இனவாகு என்று சொல்கின்ற படித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். 2006–07 ஆய்விலே தோட்டக் குழந்தைகளிலே குறுகியவர்கள் நூற்றுக்கு 40. பத்தாண்டில் அது 32 ஆயிற்று. பத்தாண்டிலே இனம் மாறுமா? தண்ணீர்க் குழாயும், கக்கூஸும், தாய்க்கு ஒரு முட்டையும் மாறியிருக்கும்.

2022-இன் நெருக்கடியிலே மாவின் விலை ஏறியபோது ரொட்டியின் அளவு சுருங்கிற்று. தோட்டத்துத் தாய் அட்டையுடன் கிளினிக்குக்குப் போகின்றாள். நிறை பார்க்கின்ற குடும்பநல உத்தியோகத்தர் சப்பிரகமுவவிலே பெரும்பாலும் சிங்களம் பேசுபவர். நிறை காட்டும் முள்ளுக்கு மொழி தேவையில்லை; கோடு தாழ்ந்திருந்தால் அவர் தலையசைப்பதிலிருந்து இவள் புரிந்துகொள்வாள். ‘மகன் இன்னும் ராத்திரியில் பாயை நனைக்கிறான்’ என்று சொல்வதற்கோ தனக்கு வாலாயமான மொழி வேண்டும். அந்த மொழியிலும் அவளுக்குக் கூச்சம். ஆகவே சொல்லாமலே திரும்பி வருகின்றாள்.

மலையிலே கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாத தோட்டங்கள் இன்றும் பல. அதனாலே அவர்கள் காலையிலே சாயத்தண்ணீர் ஒரு வாயுடன் நிறுத்திக்கொள்கிறார்கள். மாலை வரைக்கும் அடக்கிக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்தால் டிஸ்பென்சரியிலே வெயில் சூடு என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பகலிலே தண்ணீரைத் தாராளமாகக் கொடுத்து, படுக்கைக்கு முன் மட்டும் சற்றுக் குறைத்து, ஒரு தடவை வெளியே கொண்டுபோய் வந்து படுக்க வைக்கும்படி வைத்தியர் சொல்வார். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தன் உடம்பிலே நாள்தோறும் செய்து பார்த்த வைத்தியம். மாலை ஐந்து மணிக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காம்பராவுக்குள் வந்ததும், பிள்ளைக்கு எட்டாத உயரத்திலே தண்ணீர்ச் செம்பைத் தூக்கி வைத்துவிடுகின்றாள்.